ராசியான கை

செப்டம்பர் 23, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. என் ஆறு வருஷக் கெடு ஜனவரி 31-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அதைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கட்டுரையாவது ஏதாவது ஓர் ஆய்விதழில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

படித்துவிட்டு நேராக ஹாஸ்டல் அறைக்கு வந்து இந்த டைரியைத் தேடி எடுத்தேன். அப்பாவின் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது, ஒன்பது மாசமாகப் பெட்டிக்குள் கிடந்தது. யாரிடமாவது புலம்பியாகணும். மனுஷர்களிடம் புலம்பினால் உடனே புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சாயங்காலம் அம்மா போன். அம்பாசமுத்திரத்தில் நல்ல மழையாம். அப்புறம் வழக்கமான கேள்வி: "நீ என்னதாம்ட்டி படிக்க, அத்தை கேக்கா, எனக்குச் சொல்லத் தெரியல." நூறாவது தடவையாகச் சொன்னேன். நாலு இரும்பு அணு உள்ள ஒரு மூலக்கூறு. அந்த மூலக்கூறு ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு காந்தம். பக்கத்தில் பெரிய காந்தத்தைக் கொண்டுபோனால் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். பெரிய காந்தத்தை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே நிற்கும், ஞாபகம் வைத்திருக்கும். ஆனால் கடுங்குளிரில் மட்டும்தான், அதுவும் தூளாகக் குவிந்து கிடக்கும்போதுதான். தங்கத் தகட்டின்மேல் ஒற்றை அடுக்காக ஒட்டவைத்தால் மறந்துவிடுகிறது. மறக்காமல் பண்ணுவதுதான் என் வேலை.

"தங்கத்துலயா?" என்றாள் அம்மா. "எவ்வளவு பவுன்?"

செப்டம்பர் 27, வெள்ளி

காலையில் துணி துவைத்தேன். பதினோரு மணிக்கு ஜெபமணி அண்ணன் கூப்பிட்டார்.

எங்கள் துறையில் காந்தம் அளக்கும் கருவிக்கு அவர்தான் ராஜா. முப்பத்தோரு வருஷ சர்வீஸ், நவம்பரோடு ஓய்வு. அந்தக் கருவியை ஓட்ட திரவ ஹீலியம் வேணும். டேங்க் வருவது எப்போதோ, தீர்ந்துபோவது சட்டென்று. அதனால் கெஞ்சினால்தான் நேரம் கிடைக்கும். ஆனால் கெஞ்சினாலும் ஒரு விஷயத்தில் விடமாட்டார். மூலக்கூறு ஒட்டிய தகட்டை அளப்பதற்கு முன்னால் ஒன்றும் ஒட்டாத வெறும் தகட்டை அளந்தாக வேண்டும். வெறும் தகடே ஏதாவது காட்டினால் அப்புறம் வருகிறதெல்லாம் குப்பை என்பார்.

தகட்டை வைப்பது எதில் தெரியுமா, ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவில். கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய கருவிக்குள் திருச்சி சிங்காரத்தோப்பில் வாங்கின ஸ்ட்ராதான் போகிறது. உலகம் முழுக்க அப்படித்தான். அதில் காந்தம் இல்லை, அவ்வளவு போதும். என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருக்கிறேன்.

வெறும் தகடு சுத்தம். ஒன்றுமே இல்லை. அண்ணன் தன் லாக் புத்தகத்தில் பச்சை மையில் எழுதிக்கொண்டார்: வெறும் தங்கம், ஒன்றுமில்லை, சண்முகவடிவு. அந்தக் கருவிக்குள் ஒரு தூசி போனாலும் அந்தப் புத்தகத்தில் இருக்கும்.

அக்டோபர் 4, வெள்ளி

கோகிலா புது மூலக்கூறு தயார் பண்ணிக் கொடுத்தாள். பச்சைப் படிகம், அவ்வளவு அழகு. கோகிலவாணி என் அறைத்தோழி, லேபிலும் எனக்கு நாலு வருஷம் ஜூனியர். அரூர்க்காரி. அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். அவள் சமைப்பது மூலக்கூறு, நான் ஒட்டுவது தங்கத்தில். அவளுக்கு டிசம்பரில் இரண்டு வருஷ மதிப்பீடு. குழு திருப்தி என்று எழுதினால்தான் மேற்கொண்டு மூன்று வருஷம் இருக்கலாம்.

மெஸ்ஸில் எனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைத்திருந்தாள். நான் கெடு பற்றிச் சொன்னேன். "வரும்க்கா, இந்தத் தடவை வந்துடும்" என்றாள். அவள் நல்லவள்தான். அதுவே சில சமயம் எரிச்சலாக இருக்கும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கோகிலா ஊருக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை, எந்த முகத்தோடு போவது.

காலை முழுக்க லேபைக் கழுவினோம். எங்கள் கைடு தணிகாசலம் சார் பட்டு வேட்டியில் வந்தார். மற்ற நாளில் எல்லாவற்றுக்கும் சான்று கேட்கிற மனுஷன், இன்றைக்குக் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொட்டு வைக்கிற வேலை எனக்கு. கேட் பக்கத்துக் கடையில் வாங்கின குங்குமம், ரத்தச் சிவப்பு. தராசு, அடுப்பு, பம்ப், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஜெபமணி அண்ணன் தன் கருவிப் பக்கம் விடவில்லை. "எதுத்தாப்ல மேசைக்கு வச்சிட்டுப் போம்மா, அதுவே கருவிக்கும் சேரட்டும்" என்றார். என் ஸ்ட்ரா டப்பாவுக்கு மூடியில் ஒன்று பெரிதாக வைத்தேன். எனக்கு விடிவு வரவேண்டிய டப்பா அதுதானே.

பொரி, சுண்டல், ஒரு வாழைப்பழம். கை கழுவியும் விரல் நுனியில் சிவப்பு போகலை.

அக்டோபர் 16, புதன்

வந்துவிட்டது.

இரண்டு தடவை அளந்தோம். காந்தப்புலத்தை ஏற்றி இறக்கி வரைபடம் போட்டால், ஞாபகம் இல்லாத பொருளுக்குப் போகிற கோடும் வருகிற கோடும் ஒன்றாகப் படுத்துவிடும். எனக்கு ஆறு வருஷமாக ஒரே கோடு. இன்றைக்கு இரண்டும் பிரிந்து நடுவில் வயிறு வைத்தது. வளையம் என்போம். தங்கத்தின்மேல் வளையம்.

டாய்லெட்டில் போய் அழுதுவிட்டு வந்தேன். சார் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு துறையில் இருக்கிற எல்லோரையும் கூட்டிவந்து காட்டினார். "பூஜை போட்டு அஞ்சு நாள்ல வந்திருக்கு பாருங்க, ராசியான கை" என்றார். ஆறு வருஷத்தில் என் கையைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அக்டோபர் 22, செவ்வாய்

குளிரைக் குறைத்துக்கொண்டே வந்தோம். இந்த மூலக்கூறு துளி சூடு ஏறினாலே எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும். மறக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருக்கிற அறையின் வெப்பத்திலும் வளையம் அப்படியே இருக்கிறது. சாருக்குத் தலைகால் புரியவில்லை. தங்கம்தான் மூலக்கூறைப் பிடித்து நிறுத்துகிறது என்று இரண்டு மணி நேரம் கரும்பலகையில் எழுதினார். அது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜெபமணி அண்ணன் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். சார் போனதும், "வெறும் தகட்டை மறுபடி ஒரு தடவை அளந்துரும்மா" என்றார். செப்டம்பரில் அளந்தோமே என்றேன். "அது செப்டம்பர்" என்றார். வயசானால் சந்தேகம் ஜாஸ்தியாகிவிடும்போல.

அக்டோபர் 29, செவ்வாய்

கோகிலாவும் அதே மூலக்கூறை அதே தங்கத்தில் ஒட்டி அளந்தாள். வேறொரு கையாலும் வந்தால் கட்டுரைக்குப் பலம் என்று சார் சொன்னார். ஒரே கோடு. ஒன்றுமில்லை.

அவள் எதையும் யாரிடமும் இரவல் வாங்குகிற ஆள் இல்லை. ஸ்பேட்டுலா முதல் ஸ்ட்ரா வரை தனிப் பாக்கெட், பேர் எழுதி வைத்திருப்பாள். எங்கேயோ தப்பு பண்ணியிருப்பேன்க்கா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இருமல். வெடிச்சத்தம்.

நவம்பர் 6, புதன்

கோகிலாவுக்கு நாலாவது தடவையும் வரவில்லை. சார் எல்லோர் முன்னாலும் கேட்டார், உனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது, வடிவுக்கு வருதுல்ல என்று. மூலக்கூறைக் கையாளும் விதத்தில் பிழை இருக்கலாம் என்று இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னார். தமிழில் சொன்னது இன்னும் சுருக்கம்: "உன் கை சரியில்ல."

அவள் தலையை ஆட்டினாள். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

கோகிலா வேறொரு கருவியில், எக்ஸ்ரே அடித்துப் பார்க்கிறதில், தன் தகட்டையும் என் தகட்டையும் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்துப்போனாள், அதைச் சொல்லியாகணும். இரண்டு தகட்டிலும் ஒரே கதை. தங்கத்தில் ஒட்டின உடனே பாதி மூலக்கூறு உடைந்துபோகிறது. உடைந்ததற்கு ஞாபகம் இருக்க வழியில்லை.

"அப்ப உங்க வளையம் எங்கிருந்துக்கா வருது?" என்று கேட்டாள். வேற ஒன்றும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் வள்ளென்று விழுந்துவிட்டேன். இரண்டு வருஷம் ஆகலை, எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்துட்டியா என்று கேட்டேன். சாப்பிடப் போகும்போது தட்டு நானே எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 14, வியாழன்

ஜெபமணி அண்ணனிடம் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கினேன். ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

தலைவலி. மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

பெட்ஷீட் துவைத்தேன். ரூமைப் பெருக்கினேன். கோகிலாவின் கட்டிலுக்கு அடியிலும் பெருக்கினேன்.

நவம்பர் 18, திங்கள்

எழுதித் தொலைக்கிறேன். டைரியிடம்கூட மறைத்தால் அப்புறம் இது எதற்கு.

போன செவ்வாய்க்கிழமை கோகிலாவிடம் கத்திவிட்டு லேபுக்குப் போய் ஸ்ட்ரா டப்பாவைத் திறந்தேன். மூடிக்கு உள்பக்க விளிம்பில் சிவப்பு. பிளாஸ்டிக் ஸ்ட்ரா தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். ஒரு ஸ்ட்ராவை வெள்ளைத் தாளில் தட்டினேன். கண்ணுக்குத் தெரிகிற அளவில் ஒன்றும் விழவில்லை. விரலை விட்டுத் துடைத்தேன், விரலில் இளஞ்சிவப்பு.

வியாழக்கிழமை அளந்தது இதைத்தான். மீதி இருந்த குங்குமத்தில் ஒரு சிட்டிகை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துப் பண்ணினது என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். தரைக்குச் சிவப்புப் பூசுகிற இரும்புத் துருப்பொடியைக் கலந்திருக்கிறான் எவனோ. குளிரிலும் வளையம், அறை வெப்பத்திலும் வளையம். என் வளையம்தான், அச்சு அசல்.

மூலக்கூறு எதையும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. என் நெத்தியில் வைக்கவேண்டியது ஸ்ட்ராவுக்குள் போயிருக்கிறது. ஆறு வருஷத்தின் பலன் பத்து ரூபாய்க் குங்குமம்.

ஜெபமணி அண்ணன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பச்சைப் பேனாவை எடுத்து எழுதினார். எழுதிவிட்டு, "நீயே போய்ச் சொல்லிரும்மா. நான் சொன்னா நல்லாருக்காது. தெரியாமப் பண்ணினது தப்பே இல்ல" என்றார்.

நாளைக்குச் சாரிடம் சொல்லிவிடுவேன்.

நவம்பர் 19, செவ்வாய்

சொல்லவில்லை. அறைக்குள் போனால் சார் லட்டு நீட்டினார். கட்டுரையை நேற்றுச் சாயங்காலமே ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டாராம். முதல் பெயர் என்னுடையது. கோகிலா பெயர் நன்றி சொல்கிற இடத்தில் இருந்தது, மூலக்கூறு தயாரித்துக் கொடுத்ததற்காக. ஏன் சார் என்றேன். அவளுக்கு வரலையே, அவளை எப்படிப் போடுவது என்றார்.

லட்டு கையிலேயே இருந்தது. கடைசியில் தின்றேன்.

நவம்பர் 24, ஞாயிறு

ஸ்ட்ரா டப்பாவைக் கழுவி வெயிலில் வைத்தேன். பழைய ஸ்ட்ரா எல்லாம் குப்பைக்கு.

நவம்பர் 29, வெள்ளி

ஜெபமணி அண்ணனுக்கு வழியனுப்பு விழா. ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு சால்வை, சார் பேச்சு இருபது நிமிஷம். கருவிக்கு வேறு ஆள் போடும்வரை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சாவியும் லாக் புத்தகமும் என்னிடம் வந்தன.

புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது, "சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டார். சொல்லப்போறேன்ணே என்றேன். "நான் எழுதியிருக்கேன். பாக்குறவங்க பாத்துக்குவாங்க" என்றார். கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். அவர் என்னை நம்பித்தான் போனார், அதுதான் எனக்குத் தாங்கலை.

டிசம்பர் 10, செவ்வாய்

கட்டுரையைப் பார்த்த நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாராட்டியிருக்கிறார். இன்னொருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: வெறும் தங்கத் தகட்டை அளந்தீர்களா, அந்த வரைபடம் எங்கே?

சார் என்னைக் கூப்பிட்டார். "அளந்திருக்கியா?"

அளந்திருக்கேன் சார் என்றேன். செப்டம்பர் 27-ஆம் தேதியுடையதை எடுத்துக் கொடுத்தேன். பொய் ஒன்றும் இல்லை. வெறும் தகடு, ஸ்ட்ரா, ஒன்றுமில்லை என்று சுத்தமாகக் காட்டுகிறது. எந்தத் தேதி என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கத் தோணவில்லையா, கேட்கப் பிடிக்கவில்லையா, எனக்குத் தெரியாது. எனக்கு அந்த ஆள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

டிசம்பர் 18, புதன்

கோகிலாவின் மதிப்பீடு. குழுவில் மூன்று பேர், கூடவே சார். என்னையும் ஓரமாக உட்காரவைத்தார்கள், அதே மூலக்கூறில் வேலை செய்கிறவள் என்று.

கோகிலா நன்றாகப் பேசினாள். பதினோரு தடவை ஒட்டி அளந்ததையும் போட்டுக் காட்டினாள். மூலக்கூறு தங்கத்தில் உடைகிறது, அதனால்தான் வளையம் இல்லை என்று எக்ஸ்ரேயையும் வைத்துச் சொன்னாள். சார் குறுக்கே வந்து, இதே மூலக்கூறில் இன்னொருவருக்கு அறை வெப்பத்திலேயே வளையம் வந்திருக்கிறது, கட்டுரை வெளிவரப்போகிறது என்றார்.

குழுவில் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க இவங்க கொடுத்த மூலக்கூறைத்தானே பயன்படுத்தினீங்க?"

"ஆமா மேடம்."

"வேற எதுவும் வித்தியாசம் உண்டா?"

கோகிலா என்னைப் பார்த்தாள். கோபமாக எல்லாம் பார்க்கவில்லை. மெஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"இல்ல மேடம்" என்றேன்.

திருப்தியில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆறு மாசம் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் சார் வேற கைடு பாத்துக்கோம்மா என்று சொல்லிவிட்டார். வருஷத்தின் நடுவில் யார் எடுப்பார்கள்.

டிசம்பர் 20, வெள்ளி

கோகிலா காலி பண்ணினாள். அவள் அப்பா வேன் கொண்டுவந்திருந்தார், அவர் ஓட்டுகிற லாரி முதலாளியின் வேனாம். கோகிலாவின் பெட்டியைத் தூக்கப்போனேன், விடவில்லை. "நீங்க படிக்கிற புள்ள, நான் தூக்குறேன் தாயி" என்றார் என்னிடம். அவருக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது.

அவள் ரசாயனத்தை எல்லாம் லேபில் பேர் எழுதி அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மீதிப் படிகம் ஒரு குப்பியில், வடிவக்காவுக்கு என்று எழுதி.

ஜனவரி 9, வியாழன்

டைரி போன மாசத்தோடு தீர்ந்துவிட்டது. முன்னால் ஒன்பது மாசம் காலியாகக் கிடக்கிறதே, அதில் எழுதுகிறேன்.

கட்டுரை ஏற்கப்பட்டது. அம்மா திருப்பரங்குன்றத்துக்கு நேர்ந்துகொண்டிருந்தாளாம். நான் அவளிடம் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஜனவரி 13, திங்கள்

கருவியைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஆள் வந்தார். லாக் புத்தகத்தைப் புரட்டினார். 112-ஆம் பக்கத்துக்கு அப்புறம் 115 வருகிறதே என்றார். பழைய புத்தகம், தையல் விட்டுப்போச்சு என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாளைக்குப் பொங்கல். ஹாஸ்டலில் நாலே பேர்.

ஜனவரி 30, வியாழன்

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் மிச்சம்.

ஜூலை 17, வியாழன்

வாய்மொழித் தேர்வு முடிந்தது. டாக்டர் சண்முகவடிவு. அப்பா எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார். சார் மேடையிலேயே அறிவித்தார், கருவியின் பொறுப்பை நிரந்தரமாக எனக்கே கேட்டு எழுதியிருக்கிறாராம். ஜெபமணி அண்ணனின் நாற்காலி. அவருக்கு அழைப்பு அனுப்பினேன், வரவில்லை. கோகிலாவுக்கு அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோகிலாவுக்குப் போன் போட்டேன். எடுக்கமாட்டாள் என்று நினைத்துத்தான் போட்டேன். எடுத்துவிட்டாள். அரூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி எடுக்கிறாளாம். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். குங்குமம், டப்பா, நவம்பரில் அளந்தது, எல்லாம். பக்கத்தைக் கிழித்ததையும் சொன்னேன். இங்கே முதன்முதலாக எழுதுகிறேன், கிழித்தது நான்தான். ஜனவரி 10-ஆம் தேதி, பிளேடால், தையல் ஓரமாக. இந்த டைரியின் பின்அட்டை உறைக்குள்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "எனக்குத் தெரியும்க்கா. மதிப்பீட்டுக்கு மூணு வாரம் முன்னாடி உங்க மேசையில ஸ்ட்ரா டப்பா இருந்துச்சு, புதுசாக் கழுவி. மூடி மடிப்புல மட்டும் சிவப்பு போகல. பாத்ததும் புரிஞ்சிடுச்சு."

ஏன் குழுவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா பொறாமைம்பாங்க. நீங்க சொல்லிடுவீங்கன்னு உக்காந்திருந்தேன். அந்த மேடம் கேட்டாங்கல்ல, அப்பக்கூட."

நான் அழுதேன். அவள் அழவில்லை. என்னை மன்னிச்சிரு என்று எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. கடைசியில் அவள், "எங்கிட்டச் சொல்லி என்னக்கா ஆகப்போகுது? கேக்குறவங்க இருப்பாங்க, அவங்ககிட்டச் சொல்லுங்க. அடுப்புல சோறு இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

இனிமேல் யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன். சத்தியமாக.

செப்டம்பர் 22, திங்கள்

கேட்டுவிட்டார்கள்.

போர்ச்சுகலில் ஒரு பெண், ஆய்வு மாணவி. எங்கள் கட்டுரையை வைத்து ஏழு மாசமாக முயற்சி பண்ணுகிறாளாம். பத்தொன்பது தகடு. ஒன்றில்கூட வளையம் வரவில்லை. கெடு நெருங்கிவிட்டதாம், அவளுடைய கைடு அவள் கவனமில்லாமல் வேலை செய்கிறாள் என்கிறாராம். கட்டுரையில் எழுதாமல் விட்டுப்போன சின்ன விஷயம் ஏதாவது உண்டா, தயவுசெய்து சொல்லுங்கள், எதுவானாலும் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறாள். மூன்று இடத்தில் தயவுசெய்து.

சார் நகலைப் பார்த்துவிட்டார். நீயே பதில் போடு, முதல் பெயர் உன்னுதுதானே என்றார்.

செப்டம்பர் 25, வியாழன்

பக்கத்தை உறையிலிருந்து எடுத்தேன். பச்சை மை. "நவ. 14. குங்குமம் ஒரு சிட்டிகை. 2 கெல்வின், 300 கெல்வின் இரண்டிலும் வளையம். சண்முகவடிவு கேட்டு அளந்தது." இதைப் படம் எடுத்துக் கீழே நாலு வரி எழுதினால் போதும். நாலு வரியையும் எழுதிவிட்டேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். பட்டம் போகும். கருவி வேலைக்கு இன்னும் உத்தரவு வரவில்லை. அப்பா வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்.

நாளைக்கு அனுப்புகிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அந்தப் பெண்ணிடமிருந்து இன்னொரு மெயில், தான் எழுதியது கிடைத்ததா என்று கேட்டு. சாரும் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

காலை பதினொன்றே முக்காலுக்குப் பதில் போட்டேன். நாலு வரியை அழித்துவிட்டு ஒரே வரி. மூலக்கூறைக் கையாளும் விதத்தில் பிழை இருக்கலாம். கோகிலாவிடம் சார் சொன்ன வாக்கியம்தான், ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அப்புறம் மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டேன். எலுமிச்சை சாதம், உப்பு கம்மி.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையிலிருந்து லேபைக் கழுவினோம். சார் அதே பட்டு வேட்டி. புதுசாகச் சேர்ந்த பெண் குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பொட்டு வைக்கக் கிளம்பினாள். சார் தடுத்துக் கிண்ணத்தை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"வடிவு வைக்கட்டும். ராசியான கை."

தராசுக்கு வைத்தேன், பம்புக்கு வைத்தேன், கம்ப்யூட்டருக்கு வைத்தேன். இந்தத் தடவை காந்தக் கருவிக்கும் வைத்தேன், தடுக்க ஆள் இல்லை. முடித்துவிட்டுக் கிண்ணத்தை வைக்கப்போனேன். சார் என் மேசையைக் காட்டினார்.

"ஸ்ட்ரா டப்பாவை விட்டுட்டியேம்மா."

வைத்தேன்.